பாம்புக்கு விட்ட கீரி

"அந்த ராட்சசக் கப்பல்ல எல்லாம் நாங்க போகல சார். முப்பத்தாறே பேர் போற சின்னப் படகு. ஏழு நாள், தீவு தீவா நிறுத்தி நிறுத்திப் போனோம்."

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. குரோவேஷியாவுக்குப் போய் வந்திருந்தார். அவர் குரலில் இருந்தது ஊர் சுற்றிய பெருமை மட்டும் இல்லை. 'நாங்க கண்ட எடத்துல கை நனைக்கறதே இல்ல' என்பவர்களிடம் ஒரு தொனி இருக்குமே, ஆசாரம் காத்த தொனி, அதுவும் இருந்தது. பெரிய கப்பலில் போகிறவன் ஊரைக் கெடுக்கிறவன், சின்னப் படகில் போகிறவன் ஊரை மதிக்கிறவன் என்ற இந்தப் பாகுபாடு பயண இதழ்களிலும் விளம்பர ஏடுகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இன்று வேதவாக்காகிவிட்டது. பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். குரோவேஷியாவின் ஏட்ரியாட்டிக் கடலோரத்து டுப்ரோவ்னிக், 1979இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை நகரம். மூவாயிரம் பேரைச் சுமந்து வரும் கப்பல்கள் காலையில் அதன் வாசலில் ஆட்களைக் கொட்டும், மாலையில் வாரிக்கொண்டு போகும். வந்தவர்கள் ஐஸ்கிரீம் தின்று, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று வாங்கி, படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். நகரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தக் கூத்துக்கு மாற்றாக முன்வைக்கப்படுவதுதான் சின்னப் படகு. அதன் சார்பில் நான்கு வாதங்கள் சொல்கிறார்கள். பெரிய கப்பல் நுழைய முடியாத இடங்களுக்கு அது போகும். தீவு மக்களோடு பழக விடும். கடலுக்குக் கெடுதல் செய்யாது. பணம் உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போய்ச்சேரும்.

கரையில் நின்றுகொண்டு நான் இதைப் பேசவில்லை. அதே மாதிரி ஒரு படகில் ஸ்பிளிட் நகரத்திலிருந்து டுப்ரோவ்னிக் வரை ஒரு வாரம் போனவன்தான். அடுத்த வருஷம் அதே கடலுக்குத் திரும்பவும் போனேன், உள்ளூர்க்காரர்கள் போகும் ஃபெரியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்த கட்டுரை இது.

முதல் வாதம், இடங்கள். இந்தப் படகுகள் ஓடும் டால்மேஷியக் கடற்கரையின் அமைப்பே தனி. கடலோரத்துக்கு இணையாக ஓடிய மலைத்தொடர்கள். பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது இடையில் இருந்த பள்ளத்தாக்குகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. மலைமுகடுகள் மட்டும் தீவுகளாக, கரைக்கு இணையாக வரிசை கட்டி மிஞ்சின. அதனால்தான் அந்தத் தீவுகள் நீளமாக, ஒல்லியாக, ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. பிராச் தீவின் விதோவா கோரா சிகரம் ஏறக்குறைய 780 மீட்டர் உயரம். குரோவேஷியாவில் பெரியதும் சிறியதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் உண்டு. மக்கள் நிரந்தரமாக வாழ்பவை ஐம்பதுக்குப் பக்கத்தில்.

இத்தனை இருக்க, சின்னப் படகுகள் போகும் இடங்கள் எத்தனை? பிராச், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, ம்லியெட். முன்பின் மாற்றிப் போட்டாலும் பட்டியல் ஏறக்குறைய இதுதான். கிளம்பும் நாளும் பெரும்பாலும் ஒன்றே: சனிக்கிழமை. விமானமும் விடுதியும் சலவையும் சனிக்கிழமையை வைத்துத்தான் சுழல்கின்றன. ஒரே நாளில் கிளம்பி, ஒரே வேகத்தில், ஒரே பட்டியலைப் பிடித்துக்கொண்டு போகும் படகுகள் சாயங்காலம் எங்கே போய்ச் சேரும்? ஒரே துறையில்தான்.

கோர்ச்சுலாவில் நாங்கள் சேர்ந்த மாலையைச் சொல்கிறேன். கற்சுவர் சூழ்ந்த அழகான சிறுநகரம். மார்க்கோ போலோ இங்கேதான் பிறந்தார் என்று ஊர்க்காரர்கள் சாதிப்பார்கள், வெனிஸ்காரர்கள் ஒப்பமாட்டார்கள். அந்த நகரத்தின் துறைமேடையில் படகுகள் வரிசையாக நிற்க இடம் போதாது. முதலில் வந்தது மேடையை ஒட்டி நிற்கும், அடுத்து வந்தது அதன் விலாவை ஒட்டி நிற்கும், அதற்கடுத்தது அதன் விலாவை. எங்களுடையது நான்காவது. கரைக்குப் போக மூன்று படகுகளின் தளங்களைக் கடக்க வேண்டும். வழியில் யாரோ ஜெர்மானியர்கள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்; யாரோ ஆஸ்திரேலியர்கள் ஈரத் துண்டு காயப்போட்டிருப்பார்கள்; 'மன்னிக்கணும், மன்னிக்கணும்' என்றபடி அவர்கள் கால்களைத் தாண்டிப் போக வேண்டும். இரவு அறைக்குத் திரும்பி ஜன்னல் திரையை விலக்கினேன். ஒரு கை தூரத்தில் இன்னொரு ஜன்னல். அதற்குள் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இருவரும் நாகரிகமாகத் திரையை இழுத்துவிட்டோம். தீவைப் பார்க்கப் போனவன் அந்த ஏழு இரவில் மிக நெருக்கத்தில் பார்த்தது அந்த மனிதரின் பற்பசையைத்தான்.

பிஷேவோ தீவின் நீலக்குகை இன்னொரு பாடம். கடலுக்கடியில் உள்ள ஒரு திறப்பு வழியாக முற்பகல் வெயில் உள்ளே போய், வெள்ளைச் சுண்ணாம்புத் தரையில் பட்டுத் திரும்பி, குகை முழுவதையும் நீலமாக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான். மனிதர் போகும் வாசல் இயற்கையானதல்ல. 1884இல் பாறையை உடைத்துச் செய்தது. தலை குனிந்து போகுமளவுக்குத்தான் உயரம் என்பதால் எங்கள் படகு நுழையாது. அதைவிடச் சின்ன விசைப்படகுக்கு மாற வேண்டும். அதுகூட வரிசையில் நின்றுதான் உள்ளே போகும். ஐந்து பத்து நிமிஷம் நீலத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் வெயிலில் ஆடிக்கொண்டு கிடந்தோம் என்பதை எந்த விளம்பர ஏடும் போடுவதில்லை. பெரிய கப்பல் நுழையாத இடம்தான், மெத்த சரி. சின்னதெல்லாம் அங்கேதான் நின்றது.

'கெடாத தீவு' என்று படகுக்காரர்கள் தூக்கிப் பிடிக்கும் விஸ் தீவின் கதை இன்னும் சுவாரசியம். அது ஏன் கெடவில்லை? யூகோஸ்லாவியக் காலத்தில் அது ராணுவத் தளம். 1989 வரை வெளிநாட்டவர் கால்வைக்க முடியாது. ஹ்வாரிலும் பிராச்சிலும் விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில் விஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அதைக் காத்தது பயணிகளின் அடக்கம் அல்ல, பூட்டு. பூட்டு காத்ததைக் காட்டி இன்று படகுக்குச் சீட்டு விற்கிறார்கள்.

இரண்டாவது வாதம், மனிதர்கள். படகின் அன்றாட அட்டவணையைப் பாருங்கள். காலைச் சாப்பாடு முடியும் முன்பே இயந்திரம் உறுமத் தொடங்கிவிடும். ஏதாவது ஒரு குடாவில் நிறுத்தி நீச்சல். மதியச் சாப்பாடு படகில். நான்கு ஐந்து மணிக்குத் துறை. ஒரு மணி நேரம் குடைபிடித்த வழிகாட்டியின் பின்னால் நடை. இரவுச் சாப்பாடு கரையில். விடிந்தால் மறுபடி இயந்திரம். அதாவது, தீவுக்காரர் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் நாம் கடலில். அவர் வீடு திரும்பி வாசலில் காற்று வாங்க உட்காரும் நேரத்தில் நாம் அவர் வாசலில். இந்த அட்டவணையில் மீன்பிடிப்பவர் வலை காயப்போடுவதைப் பார்க்க முடியாது, பள்ளிக்கூட மணி கேட்க முடியாது, தபாலாபீசில் சண்டை பார்க்க முடியாது. பழகலாம் என்றார்களே, யாரோடு? நான் அந்த ஏழு நாளில் பேசிய குரோவேஷியர்கள் மூன்றே பேர்: கேப்டன், சமையற்காரர், கணக்கைக் கொண்டுவந்த பரிசாரகர்.

சின்னப் படகில் போய் மனிதரோடு பழக முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும் என்பதற்கு அதே கடலில் 450 ஆண்டுப் பழைய சாட்சி இருக்கிறது. ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராட் ஊரைச் சேர்ந்தவர் பேத்தர் ஹெக்டரோவிச், செல்வந்தர், கவிஞர். முதிய வயதில் இரண்டு மீனவர்களோடு ஒரு படகில் பிராச், ஷோல்தா பக்கம் மூன்று நாள் போய் வந்தார். 'மீன்பிடிப்பும் மீனவர் உரையாடலும்' என்று பொருள்படும் தலைப்பில் அதை நீள்கவிதையாக எழுதி 1568இல் வெனிஸில் அச்சிட்டார். அந்த நூலின் நாயகர் எஜமானர் அல்ல, மீனவர்கள். பாஸ்கோய், நிக்கோலா என்று இருவரின் பெயரும் இருக்கிறது. அவர்கள் போட்ட விடுகதை இருக்கிறது. அவர்கள் பாடிய பாட்டை இசைக்குறிப்போடு சேர்த்து அச்சிட்டிருக்கிறார். இரண்டு உழைப்பாளிகளின் வாயைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்த பணக்காரர் அவர். இன்றைய படகில் முப்பத்தாறு ஹெக்டரோவிச்கள் இருக்கிறோம். பாஸ்கோயும் நிக்கோலாவும் கீழே இயந்திர அறையில் இருக்கிறார்கள். ஒருவாரத்தில் எங்களில் எத்தனை பேருக்கு மாலுமிகளின் பெயர் முழுதாகத் தெரிந்தது? எனக்கு ஒன்றுதான் தெரிந்தது, அதுவும் தப்பாக.

ஒரு எதிர் உதாரணம் சொல்கிறேன். கோர்ச்சுலா நகரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் லும்பார்தா என்ற ஊர். அங்கே 'கிர்க்' என்று ஒரு வெள்ளைத் திராட்சை பயிராகிறது. படகில் வந்தபோது அந்தப் பெயரை ஒரு உணவகத்தின் விலைப்பட்டியலில் பார்த்தேன். மறுவருஷம் லும்பார்தாவில் நான்கு நாள் தங்கினேன். மூன்றாம் நாள் காலையில்தான், நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கிர்க் கொடியின் பூக்கள் மகரந்தம் தராதவை; பெண்பூவாக மட்டுமே பயன்படுபவை. தனியாக நட்டால் காய்க்காது. அதனால் நடுநடுவே 'பிளாவாட்ஸ் மாலி' என்ற கறுப்புத் திராட்சையை நட்டு வைப்பார்கள், மகரந்தத்துக்காக. வெள்ளைக் கொடி வரிசைகளுக்கு நடுவில் கறுப்பு வரிசை ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல முதல் நாள் தோன்றவில்லை, இரண்டாம் நாள் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில், களைக்கொட்டை எடுக்கப் போகும்போது, சும்மா நிற்கிறானே என்று கூப்பிட்டார். ஊர் வாய் திறக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் ஐந்துக்கு வந்து விடிகாலையில் போகிறவனிடம் அது என்ன சொல்லும்? விலையைச் சொல்லும்.

மூன்றாவது வாதம், கடலுக்குக் கெடுதல் இல்லை என்பது. இதில்தான் 'சின்ன' என்ற சொல் கூசாமல் பொய் சொல்கிறது. எங்கள் படகு நாற்பது மீட்டருக்கும் மேல் நீளம். இதே கடலில் விஸ் தீவின் கொமிஷா ஊர் மீனவர்கள் வைத்திருந்த ஃபால்குஷா என்ற படகு ஏறக்குறைய ஒன்பது மீட்டர். ஐந்து பேர் அதில் பாய் கட்டியும் துடுப்பு வலித்தும் நடுக்கடலில் உள்ள பாலக்ரூஷா பாறைத்தீவு வரை மீனுக்குப் போவார்கள். அது சின்னப் படகு. குளிர்சாதனம், மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, அறைக்கொரு குளியலறை என்று இருப்பது மூவாயிரம் பேர் கப்பலுக்குப் பக்கத்தில் நிற்கும்வரை மட்டும் சின்னது. யானைக்குப் பக்கத்தில் எருமையை நிறுத்திவிட்டு ஆட்டுக்குட்டி என்கிறார்கள்.

ஏட்ரியாட்டிக்கின் ஆழம் குறைந்த குடாக்களில் தண்ணீருக்கடியில் கரும்பச்சையாக ஒரு புல்வெளி ஆடும். பெயர் போசிடோனியா. பாசி அல்ல; வேரும் இலையும் பூவும் உள்ள செடி. இந்த இனம் மத்தியதரைக் கடலில் மட்டும் வளர்வது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். கரை மணலைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். நங்கூரம் விழுந்து, சங்கிலி இழுபட்டு, நங்கூரம் பிடுங்கப்படும்போது பெயர்ந்து போகும் ஒரு பாய் அகலம் புல் மீண்டும் மூட ஒரு தலைமுறைகூடப் போதாமல் போகலாம். பிரான்ஸின் மத்தியதரைக் கரையில் 2019க்குப் பிறகு வந்த ஆணைகள் இந்தப் புல்வெளிமேல் நங்கூரம் இறக்குவதைத் தடுக்கின்றன. தடை 24 மீட்டர் நீளத்திலிருந்து தொடங்குகிறது. நம் விளம்பர ஏட்டில் 'சின்ன'தாக இருக்கும் படகு அங்கே சட்டத்தின் கண்ணில் பெரியது.

இனி ஒரு சின்னக் கணக்கு. மூவாயிரம் பேரை, படகுக்கு 36 பேர் வீதம் பிரித்தால் 84 படகு வேண்டும். ஒரு கப்பலை ஒழித்துவிட்டு 84 இயந்திரம், 84 ஜெனரேட்டர், 84 நங்கூரம். பெரிய கப்பல் ஆழ்கடலில் ஓடி ஒரு துறைமுகத்தில் ஒருமுறை கட்டும். சின்னது தினமும் ஒரு குடாவில் நங்கூரம் இறக்கும், அதுவும் நீந்துவதற்குத் தோதான ஆழம் குறைந்த குடாவில், புல்வெளி இருக்கிற இடமாகப் பார்த்து. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை நாம் பாராட்டாகச் சொல்வோம். இங்கே அது குற்றப்பத்திரிகை. பெரிய கப்பல் நல்லது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். பெருங்கெடுதலை எண்பத்து நான்காக நறுக்கினால் அது கெடுதலாக இல்லாமல் போய்விடாது என்பதுதான் அர்த்தம்.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறைத் தீவுகளில் மழைநீர் தங்காது, ஆறு கிடையாது. கூரையிலும் பாறைச் சரிவிலும் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துத்தான் அந்த மக்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இன்று பிராச்சுக்கும் ஹ்வாருக்கும் நிலப்பகுதியின் செத்தினா ஆற்றிலிருந்து கடலுக்கடியில் குழாய் போகிறது. மழை அபூர்வமான ஜூலை, ஆகஸ்டில் துறைமேடையில் குழாய் மாட்டி நாங்கள் பிடித்துக்கொண்ட தண்ணீரில்தான் எங்கள் கால் மணலைக் கழுவினோம்.

நான்காவது வாதம் பணம். இதில் எதிர்த்தரப்புக்கு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மாபெரும் கப்பல்களின் லாபம் எங்கோ இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்குப் போகிறது. சின்னப் படகுகளில் பல, ஸ்பிளிட்டுக்குச் சற்றுத் தென்கிழக்கே உள்ள கிரிலோ என்ற கடலோர ஊரின் குடும்பங்களுக்குச் சொந்தம். முன்பு மரக்கலங்களில் மணலும் சரக்கும் ஏற்றிப் பிழைத்தவர்கள். சரக்கு லாரிக்குப் போய்விட்டதும் கலத்தைப் பயணிகளுக்கு மாற்றினார்கள். தாத்தா மணல் ஏற்றினார், அப்பா முதல் பயணிகளை ஏற்றினார், மகன் கடன் வாங்கி இரும்பில் புதுப்படகு கட்டினார் என்ற கதை மரியாதைக்குரியது. அந்த உழைப்பை நான் குறைசொல்லவில்லை.

ஆனால் கிரிலோ தீவு அல்ல, நிலப்பகுதி. நாம் பேசிக்கொண்டிருப்பது தீவுகளை. படுக்கை படகில், காலைச் சாப்பாடு படகில், மதியச் சாப்பாடு படகில். தீவுக்குக் கிடைப்பது துறைக்கட்டணமும் இரவுச் சாப்பாட்டுக் காசும். அந்தச் சாப்பாடும் எங்கே? கால்வலிக்காத தூரத்தில், துறைக்கு எதிரே, முதல் வரிசை உணவகத்தில். மலைமேல் கிராமத்தில் ஆலிவ் எண்ணெய் ஆட்டும் வீட்டுக்கும், இரண்டு அறையை வாடகைக்கு விடும் விதவைக்கும் எங்கள் ஏழு இரவில் ஒரு இரவுகூடப் போகவில்லை. தீவுக்காரரிடம் நாம் வாங்க வேண்டிய முதல் பொருள் தூக்கம். அதைத்தான் கையோடு கொண்டுபோகிறோம், கட்டுச்சோறு மாதிரி.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ம்லியெட் தீவு. காடும் இரண்டு உப்பு நீர் ஏரிகளும் ஏரி நடுவில் பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாலமும் உள்ள இடம். 1960 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு காலத்தில் விரியன் பாம்புத் தொல்லை. ஆஸ்திரிய–ஹங்கேரி ஆட்சியில், 1910இல், பாம்பை ஒழிக்கக் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் நாட்டு இனம்: சிறிய இந்தியக் கீரி. வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, பாம்பு குறைந்தது. பிறகு? கீரிக்குப் பசி நிற்குமா? பறவை முட்டை, பல்லி, கோழிக்கூடு என்று அது இறங்கியது. பக்கத்துத் தீவுகள் சிலவற்றுக்கும் பரவியது. இன்று அந்தச் சின்னப் பிராணியை ஐரோப்பிய ஒன்றியம் அயல் ஊடுருவிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. சைக்கிளில் ஏரியைச் சுற்றும்போது ஒன்று சாலையைக் குறுக்கே கடந்தது. கூட வந்தவர்கள் 'என்ன அழகு' என்று படம் பிடித்தார்கள். ஊர்க்காரன் என்ற முறையில் எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பெரிய கப்பல் என்ற பாம்புக்கு நாம் விட்ட கீரிதான் சின்னப் படகு. பாம்பு கெட்டது என்பதே அதற்கு நற்சான்றாகிவிட்டது. அதன் பசி என்ன, அது எதைத் தின்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

'சரி, அப்படியானால் போகவே கூடாதா?' என்ற கேள்வி வரும். போகலாம். எந்தக் கலம் தீவுக்கு உரியது என்று அறிய என்னிடம் ஒரு சோதனை உண்டு: ஜனவரியிலும் ஓடுகிறதா? அக்டோபர் முடிந்தால் பயணப் படகுகள் துறையில் கட்டிப்போட்டுத் தூங்கும். பூரா என்ற வடகிழக்குக் காற்று மலையிலிருந்து இறங்கிக் கடலை உழும் மாதங்களில், பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் டயாலிசிஸ் போகும் கிழவரையும் சிமெண்ட் லாரியையும் ஏற்றிக்கொண்டு போவது யாத்ரோலீனியாவின் ஃபெரி. 1947இல் தொடங்கிய அரசு நிறுவனம். தீவுக்காரருக்குச் சலுகைக் கட்டணம். வெளியூர்க்காரர் கூடக் கொடுக்க வேண்டும், கொடுக்கட்டும். கோடையில் நாம் தரும் காசு ஜனவரியில் அந்தப் பாதை மூடாமல் இருக்க ஏதோ ஒரு துளியாவது உதவும். கோடையில் ஃபெரியிலும் கூட்டம்தானே என்றால், உண்மைதான். ஆனால் அங்கே இடத்தை அடைப்பது கார். கார் இல்லாமல் ஒரு பையோடு ஏறுகிறவனால் யாருடைய இடமும் போவதில்லை.

இந்தத் தீவுகளுக்கு அந்த ஃபெரி வெறும் வசதி அல்ல என்பதற்கு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபது தொடங்கிய காலத்தில் ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்றது. கொடி போனதும் ஆட்கள் போனார்கள். சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்து, கலிஃபோர்னியா என்று. 2022இல் சிலியின் அதிபரான காப்ரியேல் போரிச்சின் முன்னோர் உக்லியான் தீவிலிருந்து போனவர்கள். விஸ் தீவில் இன்று வசிப்பவர்கள் நூறாண்டுக்கு முன் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தீவு காலியாவது எப்படி என்று அறிந்த மக்கள் அவர்கள். யார் வருகிறார்கள் என்பதைவிட யார் தங்குகிறார்கள் என்பதில்தான் அவர்களுக்குக் கவலை.

'வயசான அம்மாவை வைத்துக்கொண்டு, பெட்டி தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறி இறங்க முடியுமா?' என்று கேட்பவருக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. பெட்டியை ஒருமுறை பிரித்து ஒருமுறை கட்டினால் போதும் என்பது பெரிய சௌகரியம். அவர் படகில் தாராளமாகப் போகட்டும். சௌகரியத்தைச் சௌகரியம் என்றே சொல்லட்டும். அதற்குப் பூணூல் மாட்ட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். சாப்பாட்டுக் கவலை உள்ள சைவக்காரருக்கும் ஒரு சேதி: கீரையோடு உருளைக்கிழங்கை வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தரும் 'பிளித்வா' எந்தத் தீவிலும் கிடைக்கும். வீட்டில் சாப்பிட்டால் இன்னும் ருசி.

இரண்டாம் பயணத்தில் நான் விஸ் போன ஃபெரியின் பெயர் பேத்தர் ஹெக்டரோவிச். அந்த மீனவர்களோடு போன கவிஞர்தான். கீழ்த்தளத்தில் லாரிகள், மேல்தளத்தில் சீட்டுக்கட்டு, பால்பவுடர் டப்பா, குழந்தை அழுகை. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துப் பேச்சை ஆரம்பித்தார்கள். நெத்திலியும் வெங்காயமும் வைத்துச் சுட்ட 'பொகாச்சா' ரொட்டி. அதில் தக்காளி இருக்கிறதா என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள். இருந்தது. தக்காளி போட்டால் அது கொமிஷாக்காரர்களின் பொகாச்சா. விஸ் நகரத்துக்காரர்கள் போடமாட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர். ஒருத்தி கொமிஷா, ஒருத்தி விஸ். மீதி இரண்டு மணி நேரமும் தக்காளி சரியா தப்பா என்ற விவாதம்தான். பாதி கையாலும் பாதி உடைந்த ஆங்கிலத்தாலும் எனக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று நான் கடலைப் பார்க்கவே இல்லை.

பந்தியில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? பாயசம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து இலைக்காரர் தன் கணக்கை முடித்துவிட்டு என்னைக் கேட்டார்:

"நீங்களும் போயிருக்கீங்களாமே. கடைசியா போனப்ப எத்தனை தீவு பார்த்தீங்க?"

"ரெண்டு சார். அதுலயும் ஒண்ணு பாதிதான்."

ஐயோ பாவம் என்பது போலப் பார்த்துவிட்டு, என் இலைக்கும் ஒரு கரண்டி பாயசம் விடச் சொன்னார்.